ராமநாதபுரம் கடற்கரையில் மேப் பார்த்துப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்திலிருந்து கடலோர ஊர்களின் மருந்துக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். ஒரு நாள் வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி. மறுநாள் தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. வாரத்தில் இரண்டு நாள் கிழக்கே உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். கடைக்காரர்களும், வழியில் என் வண்டியை நிறுத்தும் வெளியூர்க்காரர்களும், சொந்தக்காரர்களும் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "மேப் இப்படிச் சொல்கிறது, நம்பிப் போகலாமா?" அவர்களுக்குச் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். மேப் நல்ல துணை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தக் கரையில் மணல் நகர்கிறது, கண்மாய் பெருகினால் பாதை மூழ்குகிறது, ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் வீட்டில் பத்து நிமிடம் செலவிட்டால் வழியில் படும் பாடு பெருமளவு குறைந்துவிடும்.

எந்தச் செயலியை வைத்துக்கொள்வது?

கூகுள் மேப் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வாங்கும்போதே இருக்கிறது. அது போதும். கூடவே ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவசச் செயலியையும் நான் ஏற்றி வைத்திருக்கிறேன். அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தைப் பயன்படுத்துகிறது. 2004-ல் தொடங்கி உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் வரைபடம் அது. ஒன்றில் விடுபட்ட ஒற்றையடிப் பாதை மற்றதில் இருக்கும். சந்தேகமான இடத்துக்குப் போகுமுன் இரண்டையும் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டும் ஒரே பாதையைக் காட்டினால் ஓரளவு தைரியமாகப் போகலாம்.

நெட் இல்லாத இடத்தில் மேப் வேலை செய்யுமா?

செய்யும். இதை முதலில் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். நீங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கைபேசிக்கு நெட் தேவையில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. கைபேசி அந்த அறிவிப்பைக் கேட்கிறது, அவ்வளவுதான். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், ஒவ்வொன்றும் வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். நம் தாத்தாக்கள் இந்தக் கரையில் உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்டார்களே, அதுபோல. ரேடியோப் பெட்டி கேட்டுக்கொண்டிருந்ததே தவிர எதையும் அனுப்பவில்லை, ஜிபிஎஸ்ஸும் அப்படித்தான்.

நெட் தேவைப்படுவது படத்துக்கு. சாலைகளும் பெயர்களும் கொண்ட அந்தப் படம் ஓடும்போதே இறங்குவதால், சிக்னல் போனதும் சாம்பல் நிறத் திரையில் நீலப் புள்ளி மட்டும் தனியாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் "ஜிபிஎஸ் போய்விட்டது" என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் வைஃபை இருக்கும்போது படத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கூகுள் மேப்பில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் வரைபடங்களுக்கான வரி இருக்கும். அதற்குள் போனால் ஒரு கட்டம் தோன்றும். வடக்கே தொண்டி, தெற்கே சாயல்குடி, கிழக்கே தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை அடங்கும்படி கட்டத்தை விரித்து இறக்குங்கள். ஒரே கட்டத்தில் அடங்காவிட்டால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இப்படி இறக்கிய படத்துக்குக் காலக்கெடு உண்டு, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மற்றொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: நெட் இல்லாதபோது கூகுள் மேப் வாகனத்தில் போகும் வழியை மட்டுமே சொல்லும். நடைவழி, பஸ் வழி, போக்குவரத்து நெரிசல் எதுவும் வராது.

நெட் இல்லாத இடத்தில் கைபேசியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் புள்ளி வந்து உட்காரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். செயற்கைக்கோள்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை நெட் இருந்தால் நொடியில் வாங்கிவிடும். இல்லாவிட்டால் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் கிளம்பும்போதே மேப்பைத் திறந்து புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியில் "இலங்கைக்கு நல்வரவு" என்று செய்தி வருகிறதே?

இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து 30 கிலோமீட்டர் தொலைவுதான். நடுவில் மலையோ கட்டடமோ இல்லை, வெறும் கடல். நம் டவர் வலுக்குறையும் இடத்தில் அக்கரை டவர் கைபேசிக்கு எட்டிவிடுகிறது. ராமேஸ்வரம் தாண்டுவதற்கு முன்பே ரோமிங்கை அணைத்துவிடுங்கள். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தின் பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள். ரோமிங் திறந்திருந்தால் வெளிநாட்டுக் கட்டணம் விழ வாய்ப்பு உண்டு. நேரம் மாறிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம், இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

நீலப் புள்ளி கடலுக்குள் நிற்கிறது. கைபேசி பழுதா?

பழுதில்லை. திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைபேசி ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும். தனுஷ்கோடி மணல்திட்டில் வானம் மறைவதே இல்லை. புள்ளி அநேகமாகச் சரியான இடத்தில்தான் நிற்கிறது. பழையதாகிப்போனது கரை. அரிச்சல்முனையின் மணல் நுனி காற்றுப் பருவத்துக்கு ஏற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. மேப்பில் வரைந்த கரைக்கோடு எப்போதோ எடுத்த படத்திலிருந்து வந்தது. நீங்கள் நிற்கும் மணல் அப்போது கடலாக இருந்திருக்கும்.

புள்ளி சரியாக இருந்தும் அதிலிருந்து விரியும் நீல வெளிச்சம் தவறான திசையைக் காட்டினால் அது திசைகாட்டியின் கோளாறு. கைபேசியை எட்டு என்ற எண் வடிவில் காற்றில் சில முறை சுழற்றுங்கள். காந்தம் வைத்த உறை போட்டிருந்தால் கழற்றிவிட்டுச் சுழற்றுங்கள்.

ஊர்ப் பெயரைத் தேடினால் வேறு எங்கோ கூட்டிப்போகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். ஏர்வாடி என்று தேடினால் இரண்டு ஊர்கள் வரும். தர்கா இருக்கும் ஏர்வாடி நம் மாவட்டத்தில் கீழக்கரைக்குத் தென்மேற்கே இருக்கிறது. இன்னொரு ஏர்வாடி திருநெல்வேலி மாவட்டத்தில், நாங்குநேரிப் பக்கம். இரண்டுக்கும் இடையே சாலை வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல். தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் நான் சொல்வது, "ஏர்வாடி தர்கா என்று முழுதாகத் தேடுங்கள்" என்பதுதான். ராமநாதபுரம் என்ற பெயரே கோயம்புத்தூரில் ஒரு பகுதிக்கும் உண்டு. கோவையிலிருந்து கிளம்புகிறவர் வெறும் "ராமநாதபுரம்" என்று தேடினால் "பத்து நிமிடப் பயணம்" என்று காட்டக்கூடும்!

மண்டபமும் மண்டபம் கேம்ப்பும் வேறு வேறு. இரண்டுக்கும் தனித்தனி ரயில் நிலையம் இருக்கிறது. தனுஷ்கோடியிலும் இதே குழப்பம். அந்தப் பெயரைத் தேடினால் மேப்பின் இடக்குறி விழுவது பெரும்பாலும் 1964 டிசம்பர் புயலில் அழிந்த பழைய ஊரின் இடிபாடுகள் அருகே. நிலம் முடிகிற அரிச்சல்முனை அங்கிருந்து இன்னும் நாலரை கிலோமீட்டர் தள்ளி. தேவாலயச் சுவர்களைப் பார்த்துவிட்டு "முனைக்குப் போய்வந்தோம்" என்று திரும்பிய குடும்பம் ஒன்றை மண்டபம் டீக்கடையில் சந்தித்தேன். அத்தனை தூரம் வந்தும் பார்க்காமல் போகிறார்களே என்று அன்று முழுவதும் மனசு கேட்கவில்லை. அரிச்சல்முனை என்றே தேடுங்கள்.

சின்ன ஊர்களுக்கு எனக்குக் கைகொடுப்பது அஞ்சல் எண். நம் மாவட்டத்து எண்கள் 623 என்று தொடங்கும். புதூர், காலனி, குடியிருப்பு என்று எங்கும் இருக்கக்கூடிய பெயராக இருந்தால் ஊர்ப் பெயரோடு அஞ்சல் எண்ணையும் சேர்த்துத் தட்டுங்கள். தமிழில் கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். கண்டுபிடித்ததும் "தொடங்கு" என்பதை உடனே அழுத்தாதீர்கள். இரண்டு விரலால் படத்தைச் சுருக்கி, முழு வழியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வழியில் உங்களுக்குத் தெரிந்த ஊர்கள் வருகின்றனவா? வராவிட்டால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

கடைக்காரர் இரண்டு எண்கள் அனுப்பினார். அதைப் போட்டால் நடுக்கடலைக் காட்டுகிறது.

இது மீனவர்களோடு பழகுகிறவர்களுக்கு அடிக்கடி நேரும். படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியில் அவர்கள் எழுதிவைப்பது டிகிரி, மினிட் கணக்கு. கைபேசி மேப் காட்டுவது பெரும்பாலும் தசமக் கணக்கு. ஒரு டிகிரிக்கு 60 மினிட். ஆகவே 9 டிகிரி 17 மினிட் என்பது 9.17 ஆகாது. 17-ஐ 60-ஆல் வகுத்தால் 0.283, சரியான எண் 9.283.

ராமேஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 9 டிகிரி 17 மினிட் வடக்கு, 79 டிகிரி 19 மினிட் கிழக்கு. தசமத்தில் 9.283, 79.317. இதை வகுக்காமல் அப்படியே 9.17, 79.19 என்று தட்டினால், வடக்கு தெற்காக ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்ற கணக்கில், இடக்குறி பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே விழும். மேற்கேயும் அதைவிடச் சற்று அதிகமாக விலகும். அங்கே இருப்பது மன்னார் வளைகுடாத் தண்ணீர். முதலில் வடக்கு எண், பிறகு கிழக்கு எண் என்ற வரிசையையும் மாற்றாதீர்கள். நம் மாவட்டத்துக்கு முதல் எண் 9-ல் தொடங்கும், இரண்டாவது எண் 78 அல்லது 79-ல் தொடங்கும். அப்படி இல்லாவிட்டால் எண்ணை அனுப்பியவரிடம் திரும்பக் கேட்டுவிடுவது நல்லது.

மேப் காட்டும் குறுக்கு வழியில் போகலாமா?

ஓர் ஐப்பசி மாதம். ஆர்.எஸ். மங்கலம் பக்கமிருந்து கடற்கரைச் சாலைக்கு வரவேண்டியிருந்தது. இருபது நிமிடம் மிச்சம் என்று மேப் ஒரு வழியைக் காட்டியது, நானும் திரும்பிவிட்டேன். முதல் இரண்டு கிலோமீட்டர் தார்ச்சாலை, பிறகு சரளை, அதற்குப் பிறகு கண்மாய்க்கரை. முந்தைய நாள் பெய்த மழையில் கரையின் களிமண் ஊறிக் கிடந்தது. பின் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே களிமண் அடைத்துச் சக்கரமே பூட்டிக்கொண்டது. சீமைக்கருவேலங்குச்சி ஒன்றை ஒடித்து, மண்ணைக் குத்திக் குத்தி எடுத்தேன். முள் உள்ளங்கையில் ஏறியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து வண்டியைப் பின்னாலிருந்து தூக்கிக் கொடுத்தார். "தம்பி, மாசி பங்குனியில் வாருங்கள், இதில் லாரியே போகும். இப்போது ஆடே வழுக்குகிறது" என்றார். பெட்டியில் இன்சுலின் இருந்தது. ஐஸ் கட்டி கரைந்துவிடுமோ என்று நான் பட்ட கவலையை வார்த்தையில் சொல்ல முடியாது.

அந்தப் பாதை பொய்யில்லை. வெயில் காலத்தில் உண்மையான வழி அது. மேப்புக்குப் பாதை இருப்பது தெரியும், ஐப்பசி தெரியாது. நம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கண்மாய்க்கரை, ஊரணிக்கரை, உப்பளத்து வரப்பு ஆகியவற்றின் மேல் போகும் எந்த வழியையும் நான் எடுப்பதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். படத்தைச் செயற்கைக்கோள் தோற்றத்துக்கு மாற்றுங்கள். குறுக்கு வழியை ஒட்டிப் பெரிய நீல அல்லது பழுப்புப் பரப்பு இருந்தால் கண்மாய். வெள்ளையாகக் கட்டம் கட்டமாக இருந்தால் உப்பளம். வாலிநோக்கம் பக்கம் இதை நிறையப் பார்க்கலாம். பாதையின் மேலேயே கரும்பச்சை மூடியிருந்தால் சீமைக்கருவேலம் வளர்ந்து வழியை அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். மேப்பில் பெயரும் எண்ணும் இல்லாத மெல்லிய கோடாக இருந்தால் யாரையாவது கேட்காமல் இறங்க வேண்டாம்.

காரில் வருகிறவர்களுக்கு ஒன்று. கூகுள் மேப்பில் இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழி உண்டு, 2017 முதல் இந்தியாவில் இருக்கிறது. கார் போக முடியாத சந்துகளையும் அது வழியாகக் காட்டும். வீட்டில் பைக்குக்காகப் போட்டுவைத்த தேர்வை மாற்றாமல் காரை எடுத்துக்கொண்டு கீழக்கரைத் தெருக்களில் மாட்டிக்கொண்டு, பின்னால் எடுக்கவும் முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளம்புமுன் கார்ப் படத்தைத் தொட்டீர்களா என்று பாருங்கள்.

வழி கேட்கும் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். கீழக்கரையில் "காக்கா (அண்ணா), இந்தத் தெருவில் வண்டி திரும்புமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் கடையை விட்டு இறங்கி வந்து காட்டுவார்கள். "இந்த ஊருக்கு எப்படிப் போவது?" என்று கேட்பதைவிட, மேப் காட்டும் பாதையில் வரும் ஊர்களின் பெயர்களைச் சொல்லி, "இந்த வழி இப்போது திறந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்கும்.

மேப் சொல்லும் நேரத்துக்குள் போய்ச் சேர முடியவில்லையே?

சாலையில் ஓடும் மற்றவர்களின் கைபேசிகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதை வைத்துத்தான் கூகுள் மேப் நெரிசலைக் கணிக்கிறது. வாகனங்கள் நிறைய ஓடும் மதுரை–ராமேஸ்வரம் நெடுஞ்சாலையில் அந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். சாயல்குடிப் பக்கத்துக் கிராமச் சாலையில் மதிய வேளையில் ஓடுகிறவர்களே குறைவு. அங்கே அது பொதுவான வேகத்தை வைத்து ஊகிக்கிறது.

பாம்பனுக்குத் தனிக் கணக்குப் போடுங்கள். 1988-ல் திறந்த சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் நடுப்பகுதி மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும். அதைப் பார்க்கவும் ரயில் போவதைப் பார்க்கவும் பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்தான பழக்கம், நெரிசலும் அதனால்தான். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்துக்குள் போக்குவரத்தையே மாற்றிவிடுவார்கள். அன்று கோயில் வாசலைக் குறியாக வைத்தால் ரத வீதிப் பக்கம் கூட்டிப்போய்த் தடுப்பு முன்னால் நிறுத்திவிடும். வாகன நிறுத்துமிடத்தைக் குறியாக வைத்து, அங்கிருந்து நடந்துவிடுங்கள்.

தனுஷ்கோடிக்கு மாலையானதும் போலீஸார் வாகனங்களை உள்ளே விடுவதில்லை. மேப் வழியைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். 2017-ல் திறந்த முகுந்தராயர் சத்திரம்–அரிச்சல்முனைச் சாலை ஒன்பதரை கிலோமீட்டர், நேர்கோடு மாதிரி. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் பறந்து வந்து சாலையில் படிந்திருக்கும். பைக்கில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது கைபேசியைப் பார்ப்பது குற்றமா?

கவனம் சிதறாத வகையில், வழி பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. பேசுவதும் தட்டச்சு செய்வதும் இதில் சேராது. ஹேண்டில்பாரில் தாங்கி பொருத்திக்கொள்ளுங்கள். என் வழக்கம் ஒரு காதில் மட்டும் சின்ன இயர்ஃபோன் வைத்துக் குரலைக் கேட்பதாக இருந்தது. பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். இப்போது ஒலியைக் கூட்டிவைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். திருப்பம் குழப்பமாக இருந்தால் ஓரமாக நிறுத்திப் பார்ப்பேன்.

சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

அதிகம் தின்பது திரை வெளிச்சம். அடுத்து, சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடிக்கொண்டே இருப்பது. படத்தை முன்பே இறக்கியிருந்தால் ஃபிளைட் மோடில் போடலாம், பெரும்பாலான கைபேசிகளில் புள்ளி அப்போதும் நகரும். அழைப்பு மட்டும் வராது. வெயிலில் தாங்கியில் மாட்டிய கைபேசி சூடேறித் தானே அணைந்துவிடுவதும் உண்டு. பவர் பேங்க் ஒன்று கையில் இருக்கட்டும்.

கடலில் போகும்போது கூகுள் மேப்பை நம்பலாமா?

வேண்டாம். இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். என் மாமன் மகன்கள் இருவர் பாம்பனிலிருந்து நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். புள்ளி கடலிலும் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் செயற்கைக்கோளுக்கு நிலமும் நீரும் ஒன்றுதான். ஆனால் அந்த நீல நிறத்துக்குள் எந்த விவரமும் இல்லை. ஆழம் இல்லை, பார் (கடலடிப் பாறைத்திட்டு) இல்லை, மணல்திட்டு இல்லை, வலை கிடக்கும் இடம் இல்லை. 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த இந்திய–இலங்கைக் கடல் எல்லையைத் தாண்டும்போது எச்சரிப்பது அதன் வேலையும் இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டியதால் படகையும் பறிகொடுத்து, மாதக்கணக்கில் சிறையில் இருந்தவர்களின் குடும்பங்கள் இந்தக் கரையில் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

மீனவர்களுக்கென்றே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி இருக்கிறது. காற்று, அலை முன்னறிவிப்பைத் தமிழில் தருகிறது, எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கிறது. முன்னறிவிப்பு ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையத்திலிருந்து வருவது. படகு ஜிபிஎஸ் கருவிக்கும் படகிலிருந்து பேசும் விஎச்எஃப் ரேடியோவுக்கும் இது மாற்று ஆகாது, கூடுதல் துணை. கரையிலிருந்து தள்ளிப்போனதும் கைபேசி சிக்னல் போய்விடும். அப்போது ரேடியோவின் 16-ஆம் சேனல்தான் கைகொடுக்கும். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் பெயர் போட்டுப் பதிந்து வையுங்கள். பழைய ஆட்கள் ராமநாதசுவாமி கோயில் கோபுரத்தையும் ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரத்தையும் கண்ணால் நேர்ப்படுத்தித் தங்கள் பாரைக் கண்டுபிடிப்பார்கள். கருவி நனைந்துபோன நாளில் அந்தக் கண்தான் என் மாமன் மகனைக் கரை சேர்த்தது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுங்கள்.

சுற்றுலாவாக வருகிறவர்கள், தீவு பக்கத்தில் தெரிகிறதே என்று தாங்களாகப் படகு பேசிப் போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்கு, அவர்களுடைய ஏற்பாட்டில் மட்டுமே போகலாம்.

வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினால் போதாதா?

போதும், எதை அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்பினால். "தற்போதைய இடம்" என்பது அந்த நொடியில் நீங்கள் இருக்கும் இடம். பிறகு நீங்கள் நகர்ந்தாலும் அது அங்கேயே நிற்கும். "நேரலை இடம்" என்பது உங்களோடு நகரும். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவு உண்டு. வீட்டுக்கு வழி சொல்ல முதலாவது, பயணத்தில் இருப்பவரைக் கவனிக்க இரண்டாவது. அனுப்புமுன் எத்தனை மீட்டர் துல்லியம் என்று சின்ன எழுத்தில் காட்டும். கட்டடத்துக்குள் இருந்தால் அந்த எண் பெரிதாக இருக்கும். வாசலுக்கு வந்து, எண் குறையும்வரை பொறுத்து அனுப்புங்கள். முக்கியமாக, வீட்டில் இல்லாதவர் வீட்டு லொகேஷனை அனுப்பக் கூடாது. ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மேப்பிலேயே இல்லை. என்ன செய்வது?

நீங்களே சேருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குடியிருப்பில் என் பெரியம்மா இருக்கிறார். முப்பது வீடுகள். ஓர் இரவு பெரியம்மாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டுப் பையன் ஆம்புலன்ஸுக்கு அழைத்தான். வெளியூரில் இருந்த உறவினர் பதற்றத்தில், தன் கைபேசியில் தேடிக் கிடைத்த ஊரின் லொகேஷனை ஓட்டுநருக்கு அனுப்பிவிட்டார். அது அதே பெயருள்ள வேறொரு குடியிருப்பு. ஓட்டுநர் அங்கே போய் நின்றுகொண்டு, "அம்மன் கோயில் பக்கத்தில் நிற்கிறேன், எங்கே இருக்கிறீர்கள்?" என்கிறார். இங்கே எல்லாரும் எங்கள் ஊர் அம்மன் கோயில் வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. யார் மேலும் தவறு இல்லை. எங்கள் ஊர் எந்த மேப்பிலும் இல்லை என்பதுதான் காரணம். பெரியம்மா பிழைத்துக்கொண்டார்.

மறுவாரம் நானும் அந்தப் பையனும் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். கடற்கரைச் சாலையிலிருந்து ஊருக்குத் திரும்பும் முக்கு, தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, அம்மன் கோயில், பள்ளிக்கூடம் ஆகிய ஐந்து இடங்களுக்கும் நடந்து போய், ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று, கூகுள் மேப்பில் விடுபட்ட இடத்தைச் சேர்க்கும் வசதியைப் பயன்படுத்திப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பகலில் எடுத்த புகைப்படத்தோடு அனுப்பினோம். அவர்கள் சரிபார்த்த பிறகே வெளியாகும். சில வந்தன, சிலவற்றை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நாமே நேரடியாக வரையலாம். முக்கிலிருந்து ஊர் வரைக்கும் உள்ள சாலையை அதில் வரைந்தோம். பொதுவான பெயராக இருந்தால் அடைப்புக்குள் ஊராட்சியின் பெயரையும் சேருங்கள், அடுத்த ஊரோடு குழம்பாது.

இதோடு, வீடு இருக்கும் இடத்தின் வடக்கு, கிழக்கு எண்களைத் தசமக் கணக்கில் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறோம். 108-க்கோ 112-க்கோ அழைக்கும்போது யார் வேண்டுமானாலும் வாசித்துச் சொல்லிவிடலாம்.

படிக்கத் தெரியாதவர்களும் வயதானவர்களும் இதைப் பயன்படுத்த முடியுமா?

முடியும். எழுதத் தேவையில்லை; தேடும் இடத்தில் ஒலிவாங்கியின் படத்தைத் தொட்டுத் தமிழில் சொன்னாலே ஊரைத் தேடும். மொழியைத் தமிழுக்கு மாற்றினால் வலப்புறம் இடப்புறம் எல்லாம் தமிழிலேயே சொல்லும். வீடு, மகன் வீடு, ஆஸ்பத்திரி ஆகியவற்றை முன்பே சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.

பெரியம்மா மாதம் ஒருமுறை ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கிவர வேண்டும். திரும்பி வரும்போது இருட்டிவிட்டால் நிறுத்தம் எங்கே என்று தெரியாமல் தவிப்பார். கண்டக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சம். முக்கு என்று நாங்கள் குறித்த இடத்துக்கு மேப்பில் ஒரு பச்சைக் கொடியைச் சேமித்துக் கொடுத்தேன். இப்போது தேவிபட்டினம் தாண்டியதும் கைபேசியை மடியில் வைத்துக்கொள்கிறார். நீலப் புள்ளி ஊர்ந்து ஊர்ந்து கொடிக்குப் பக்கத்தில் வரும்போது, கூடையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து நின்று, "தம்பி, முக்கில் ஓர் ஆள் இறங்கணும்" என்று அவராகவே குரல் கொடுக்கிறார்.